ஊர்ப் பணத்துக்கு ஊரே காவல்: நெ. து. சுந்தரவடிவேலுவின் கதை

நெய்யாடுபாக்கம் என்று ஒரு கிராமம். காஞ்சீபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1912-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி, அந்த ஊரில் துரைசாமி - சாரதாம்பாள் தம்பதிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சுந்தரவடிவேலு என்று பெயர் சூட்டினார்கள்.

ஊர்ப் பெயரின் முதல் எழுத்தும், தகப்பனார் பெயரின் முதல் எழுத்தும் முன்னால் சேர்ந்தன. நெ. து. சுந்தரவடிவேலு ஆனார். பிற்காலத்தில் நாடே அவரை நெ.து.சு. என்று மூன்று எழுத்தில் அழைத்தது.

கிராமத்துப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்பதை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர். காஞ்சீபுரத்தில் படித்தார். பிறகு சென்னைக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் ஒரு கிராமத்துப் பிள்ளை எம்.ஏ. படிப்பது சாமானிய காரியம் அல்ல.

படிக்கும்போதே பெரியாரின் சுயமரியாதைக் கொள்கை அவர் மனதைக் கவர்ந்தது. அதை மேடையோடு விட்டுவிடவில்லை. 1940-ம் ஆண்டில் சாதி பாராமல், சடங்கு இல்லாமல், சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டார். மணமகள் காந்தம்மாள். பகுத்தறிவு எழுத்தாளர் குத்தூசி குருசாமியின் மனைவி குஞ்சிதம் அம்மையாரின் தங்கை அவர்.

சுந்தரவடிவேலு கல்வி இலாகாவில் சேர்ந்தார். மாவட்டம் மாவட்டமாக மாற்றல் ஆகிப் பள்ளிக்கூடங்களைப் பார்வையிட்டார். கூரை ஒழுகும் பள்ளி, கரும்பலகை இல்லாத பள்ளி, தண்ணீர்ப் பானை இல்லாத பள்ளி, பிள்ளைகளே இல்லாத பள்ளி, எல்லாவற்றையும் கண்ணால் கண்டார்.

டைரக்டர் ஆனார்

1954-ம் ஆண்டு. காமராஜர் முதல்-மந்திரி ஆனார். பிள்ளைகள் பாதி நேரம் படித்து, மீதி நேரம் குலத்தொழில் பழகும் திட்டம் என்று மக்கள் எதிர்த்த கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. மூடிய பள்ளிகளைத் திறக்க வேண்டும், புதிய பள்ளிகளை ஆரம்பிக்க வேண்டும் என்று காமராஜர் விரும்பினார். நிதியும் கல்வியும் சி. சுப்பிரமணியத்தின் பொறுப்பில் இருந்தன.

அந்த நேரத்தில் கல்வி இலாகாவின் டைரக்டர் பதவி நெ.து.சு.வைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது 42 கூட நிரம்பவில்லை.

பள்ளிக்கூடங்கள் பெருகின. ஆனால் பிள்ளைகள் வரவேண்டுமே! ஆடு மேய்க்கப் போகிற பையன், மேய்த்தால்தான் கஞ்சி குடிக்க முடியும். அவனைப் பள்ளிக்கு அழைத்தால், மத்தியானக் கஞ்சியை யார் ஊற்றுவது?

பத்து பைசாச் சாப்பாடு

சென்னை நகரில் இதற்கு முன்னோடி உண்டு. 1920-ம் ஆண்டிலேயே, பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த நகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு கொடுத்தது. ஆனால் ராஜ்யம் முழுவதும் கொடுப்பதற்குக் கஜானாவில் பணம் ஏது?

முதலில் ஊராரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. 1956-ம் ஆண்டு, மகாகவி பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராஜர் பகல் உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஊரார் அரிசி கொடுத்தார்கள், பருப்பு கொடுத்தார்கள். அண்டா கொடுத்தவர்களும் உண்டு. ஊர் ஊராக இது பரவியது.

மக்கள் முன்வந்ததைப் பார்த்த பிறகு சர்க்கார் பங்கு போட்டது. 1957-ம் ஆண்டு நவம்பரில் இருந்து நூற்றுக்கு அறுபது பங்கு சர்க்காருடையது, நாற்பது பங்கு ஊராருடையது. ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்து நயா பைசா என்று கணக்கு. அதில் ஆறு பைசா சர்க்கார் தரும். நாலு பைசா ஊரார் தரவேண்டும்.

நாலு பைசாதானே என்று நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்தில் 200 நாள் சாப்பாடு. ஒரு பிள்ளைக்கு ஊர்ப் பங்கு எட்டு ரூபாய். ஐம்பது பிள்ளைகள் சாப்பிட்டால் 400 ரூபாய். சர்க்கார் பங்கு 600 ரூபாய். அந்தக் காலத்தில் ஒரு சின்ன கிராமத்துக்கு 400 ரூபாய் மலை போன்ற தொகை. அதுவும் ஒரு வருஷம் கொடுத்து முடிகிற காரியம் இல்லை. வருஷா வருஷம் கொடுக்கவேண்டும்.

வருஷா வருஷம் கொடுக்க வேண்டுமானால், போன வருஷம் கொடுத்தது என்ன ஆயிற்று என்று தெரியவேண்டும். இங்கேதான் நெ.து.சு.வின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது.

பெஞ்சு இல்லாத பள்ளிக்கூடம்

சாப்பாட்டோடு தேவை முடிந்துவிடுமா? பிள்ளைகள் மண்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியருக்கு நாற்காலி இல்லை. தேசப்படம் இல்லை. மணி பார்க்கக் கடிகாரம் இல்லை. சில ஊர்களில் பள்ளிக்கூடமே கோவில் மண்டபத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் நடந்தது.

1958-ம் ஆண்டு, செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கடம்பத்தூரில் ஒரு மாநாடு நடந்தது. அரசியல் மாநாடு அல்ல. பள்ளிக்கூடத்துக்காக ஊரார் கூட்டிய மாநாடு! அதுதான் பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின் தொடக்கம்.

இயக்கம் நடந்த விதம் இதுதான். முதலில் தலைமை ஆசிரியர், தம் பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் எழுதுவார். கரும்பலகை ஒன்று, பெஞ்சு பத்து, தண்ணீர்ப் பானை இரண்டு, கூரைக்கு ஓடு, விளையாட இடம், ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை. ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன விலை ஆகும் என்றும் எழுதப்படும். இலாகாவின் இன்ஸ்பெக்டர் அதைச் சரிபார்ப்பார்.

அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் வீடு வீடாகப் போவார்கள். பெரிய மிராசுதார் அரை ஏக்கர் நிலம் எழுதி வைப்பார். மளிகைக் கடைக்காரர் கடிகாரம் வாங்கித் தருவார். தச்சர், கூலி வாங்காமல் பெஞ்சு செய்து தருவார். ஒன்றும் இல்லாதவர் மண் சுமப்பார். எல்லாம் நன்கொடைதான்.

பிறகு வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒரு மாநாடு போடும். எந்த ஊரில், யார், என்ன கொடுத்தார் என்று மேடையில் படிப்பார்கள். காமராஜரும் மந்திரிகளும் இந்த மாநாடுகளுக்குப் போனார்கள். ஊர்த் திருவிழாப் போல ஜனங்கள் கூடினார்கள்.

யார் கையில் பணம்?

பள்ளிக்கூடத்தின் பேரில் பணம் வசூல் ஆகிறது. அது யார் கையில் இருக்க வேண்டும்?

தலைமை ஆசிரியர் கையில் இருக்கலாம் என்றால், அதில் ஒரு நியாயம் உண்டு. பள்ளிக்கு என்ன குறை என்று அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவர் மாற்றலாகிப் போகிறவர். இன்று இந்த ஊர், நாளை வேறு ஊர். வசூலான பணத்தின் கணக்கு அவரோடு போய்விட்டால் ஊரார் யாரைக் கேட்பார்கள்? அவர் யோக்கியராகவே இருந்தாலும் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அந்தப் பேச்சே அடுத்த வசூலைக் கெடுத்துவிடும்.

ஊர்ப் பெரியவர் கையில் இருக்கலாம் என்றால், அதிலும் ஒரு நியாயம் உண்டு. பணம் கொடுத்தது ஊர். ஆனால் ஊர்ப் பெரியவருக்குப் பள்ளியின் தேவை தெரியாது. வகுப்பறை ஒழுகிக்கொண்டு இருக்கும். அவரோ வாசலில் தம் தகப்பனார் பெயரில் வளைவு கட்ட நினைப்பார்! கொஞ்சம் விட்டால் ஆசிரியரைத் தம் வீட்டுக் கணக்குப்பிள்ளை மாதிரி நடத்துவார்.

சர்க்கார் கஜானாவில் கட்டிவிடலாம் என்றால் வம்பு வேறு விதம். கட்டிய பணம் எப்போது, எந்த ரூபத்தில் திரும்பி வரும் என்று கிராமத்தானுக்குத் தெரியாது. வரி கட்டியதாகத்தான் நினைப்பான். நன்கொடை கொடுத்ததாக நினைக்க மாட்டான்.

பள்ளிச் சீரமைப்பு இயக்கம் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் மிகவும் எளியது. என்ன தேவை என்று சொல்வது தலைமை ஆசிரியர் வேலை. பணத்தைத் திரட்டி, வைத்திருந்து, செலவு செய்வது ஊர்க்குழுவின் வேலை. வாங்கிய பொருள் பள்ளிக்கு வந்துசேரும். அது பள்ளியின் சொத்து. பட்டியலில் இல்லாததை ஊர்க்குழு வாங்குவதில் அர்த்தம் இல்லை. ஊர்க்குழுவின் கையைத் தாண்டித் தலைமை ஆசிரியர் செலவு செய்யவும் வழி இல்லை. ஒருவர் கையை மற்றவர் பிடித்துக்கொண்டு நடக்கிற ஏற்பாடு.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பெரும்பாலான நன்கொடை பொருளாகவே வந்தது. ரூபாய் நோட்டு மறைந்துபோகும். பெஞ்சு மறையாது! கொடுத்தவர் எந்த நாளிலும் பள்ளிக்கூடத்துக்குப் போய், தாம் கொடுத்த பெஞ்சில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அந்தக் கணக்கைப் படித்துக்கொள்வாள். மேடையில் ஊரார் முன்னால் பெயரைப் படித்ததும் வெறும் விளம்பரத்துக்காக மட்டும் அல்ல. பத்து பெஞ்சு என்று படித்துவிட்டு எட்டு பெஞ்சு வந்தால், கேட்பதற்கு ஊரே சாட்சி.

உப்பளத்து ஊர்களில்

எல்லா ஊரும் ஒரே மாதிரி கொடுக்க முடியுமா? அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த கடலோரத்தை எடுத்துக்கொள்வோம். வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். தெற்கே புதுச்சேரிக்குப் பக்கத்தில் செம்மண் மேட்டில் குயிலாப்பாளையம் போன்ற ஊர்கள். நடுவில் மீனவர் குப்பங்கள்.

உப்பளத்தில் வேலை வெயில் காலத்தில்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் பாத்திகளில் தண்ணீர் நிற்கும். உப்பு விளையாது. கூலியும் கிடையாது. கடல் சீறினால் குப்பத்துக்காரருக்கும் அதே கதி. செம்மண் மேட்டில் மானாவாரிப் பயிரும் முந்திரியும்தான். மழை பொய்த்தால் அதுவும் போச்சு.

இப்படிப்பட்ட ஊரில் மாதா மாதம் இவ்வளவு என்று வசூலித்தால் நடக்காது. உப்பு விளைகிற காலத்தில், முந்திரி காய்க்கிற காலத்தில் கேட்கவேண்டும். இது மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தெரியாது. அந்த ஊர் ஆளுக்குத்தான் தெரியும். வசூல் பொறுப்பு ஊர்க்குழுவிடம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகிறது.

ஏழை ஊரில் இன்னொரு சங்கடம். கொடுக்கிற நாலு அணா, அந்த வீட்டில் ஒரு வேளை அடுப்பு எரிகிற காசு. அதில் ஒரு பைசா வீணாயிற்று என்றாலும் அந்தத் தாய்க்கு அது தாங்காது. பணக்கார ஊரில் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆனாலும் பள்ளிக்கூடம் நடந்துவிடும். இங்கே அப்படி அல்ல. ஒருமுறை நம்பிக்கை போனால், பிள்ளையையே பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுவார்கள்.

குறைகளும் உண்டு

இயக்கத்தைப் புகழ்ந்தவர்கள் பலர். அதற்காகக் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பாடம் சொல்லிக்கொடுக்க வந்த ஆசிரியர், நன்கொடைக்காக வாசல் வாசலாக ஏறி இறங்கவேண்டி வந்தது. மேல் அதிகாரி இன்னொரு வட்டாரத்தைக் காட்டி, அங்கே இவ்வளவு சேர்ந்ததே, இங்கே ஏன் சேரவில்லை என்று கேட்டால் ஆசிரியர் என்ன செய்வார்? தம் பிள்ளை ஆசிரியரின் கையில் இருக்கும்போது, அவர் வந்து கேட்டால் எந்தத் தகப்பன் இல்லை என்று சொல்வான்? மனம் ஒப்பிக் கொடுப்பதற்கும் பயந்து கொடுப்பதற்கும் நடுவே உள்ள கோடு மிக மெல்லியது.

பணக்கார ஊருக்கு நல்ல பள்ளி, ஏழை ஊருக்கு ஓட்டைப் பள்ளி என்று ஆகிவிடும் ஆபத்தும் இருந்தது. சர்க்கார் செய்யவேண்டியதை ஊரார் தலையில் ஏற்றலாமா என்ற கேள்வியும் நியாயமானதே. நெ.து.சு. ஊர்ப் பணத்தைக் கூடுதல் பலமாகத்தான் கருதினார். ஆசிரியர் சம்பளம் சர்க்கார் பொறுப்பிலேயே இருந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி இன்று வரை ஓயவில்லை.

இன்னும் ஒரு மாறுதல் அந்த நாளில்தான் நடந்தது. 1958-ம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு பஞ்சாயத்து யூனியன்கள் ஏற்பட்டன. ஜில்லா போர்டு நடத்திவந்த ஆரம்பப் பள்ளிகள் யூனியன்களின் பொறுப்புக்கு வந்தன. ஊரார், ஆசிரியர், இலாகா என்று இருந்த மூன்று கைகளோடு நாலாவது கையும் சேர்ந்தது.

டெல்லி வரை பரவிய புகழ்

1961-ம் ஆண்டு இந்திய அரசு நெ.து.சு.வுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அதே ஆண்டில் கேர் என்ற அமெரிக்க உதவி நிறுவனத்தின் பால் பவுடரும் எண்ணெயும் பகல் உணவுத் திட்டத்துக்கு வந்தன.

1964 முதல் 1966 வரை கோத்தாரி தலைமையில் கல்விக் கமிஷன் நாடு முழுவதும் ஆராய்ந்தது. சென்னை ராஜ்யத்தின் பள்ளிச் சீரமைப்பு முயற்சியும் அதன் கவனத்துக்கு வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் தனியாக ஒரு நிதி இருக்கவேண்டும், உள்ளாட்சி தருகிற பணமும் பெற்றோர் மனமுவந்து தருகிற பணமும் அதில் சேரவேண்டும் என்று அந்தக் கமிஷன் யோசனை சொன்னது.

1969-ல் நெ.து.சு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். 1975 வரை அந்தப் பதவியில் இருந்தார். கிராமத்துப் பள்ளிக்குக் கரும்பலகை தேடித் திரிந்தவர், மாநிலத்தின் மிகப் பழைய பல்கலைக்கழகத்தின் நாற்காலியில் அமர்ந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு எழுதிக்கொண்டே இருந்தார். நினைவு அலைகள் என்ற பெயரில் மூன்று பாகங்களாகத் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ஒரு அதிகாரியின் சுயசரிதை இவ்வளவு வெளிப்படையாக இருப்பது அபூர்வம். காமராஜர் காலத்துக் கல்வியைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் அந்தப் புத்தகத்தைத் தேடித்தான் ஆகவேண்டும்.

1993-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி நெ.து.சு. காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

இரண்டு கையெழுத்து

அவர் மறைந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2009-ல் கட்டாய இலவசக் கல்விச் சட்டம் வந்தது. அதன் 21-வது பிரிவு, பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கவேண்டும் என்கிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

குழுவில் நாலில் மூன்று பங்குப் பேர் பெற்றோராக இருக்கவேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். நலிந்த பிரிவைச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் உரிய இடம் தரவேண்டும். சர்க்கார் தந்த பணமானாலும், உள்ளாட்சி தந்த பணமானாலும், வேறு யார் தந்த பணமானாலும், அது எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுவின் கடமை. ஊர்க்குழுவுக்கு அன்று வழக்கத்தால் கிடைத்த இடம், பெற்றோருக்கு இன்று சட்டத்தால் கிடைத்திருக்கிறது.

குழுவின் பேரில் பாங்கில் கணக்கு இருக்கும். குழுத் தலைவரும் தலைமை ஆசிரியரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே வரும். ஒருவர் கையெழுத்து செல்லாது.

இதில்தான் ஒரு சிக்கல். தலைவராக வருகிற தாய், அன்றாடம் உப்பளத்துக்கோ முந்திரித் தோப்புக்கோ கூலிக்குப் போகிறவராக இருக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவராக இருக்கலாம். தலைமை ஆசிரியர் படித்தவர், அரசு ஊழியர். அவர் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது சுலபம். காசோலையில் தொகை எழுதியிருக்கிறதா, யார் பேருக்கு எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுவது கொஞ்சம் கஷ்டம். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்து வேண்டும் என்று யார் கேட்டாலும், முடியாது என்று சொல்ல அந்தத் தாய்க்கு உரிமை உண்டு.

பாங்குப் பாஸ் புத்தகம், கூட்டத் தீர்மான நோட்டு, வாங்கிய சாமானின் ரசீது. இந்த மூன்றையும் குழுக் கூட்டத்தில் மேஜை மேல் வைக்கச் சொல்லலாம். தீர்மானத்தில் எழுதிய தொகையும், பாஸ் புத்தகத்தில் கழித்த தொகையும், ரசீதில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. எண் படிக்கத் தெரிந்தால் போதும். பிறகு எழுந்து போய், ரசீதில் எழுதிய மின்விசிறி வகுப்பறையில் சுற்றுகிறதா என்றும் பார்த்துவிட்டு வரலாம்.